டர்போவுக்கு அடுத்த இரண்டு அடி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பசியாறிக்கொண்டிருந்தபோது என் மகன் கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். திரையில் ஓர் எக்ஸாஸ்ட் படம். மூன்று அங்குலக் குழாய், நீலம் பாய்ந்த இரட்டை வாய், பளபளக்கும் ஸ்டெயின்லெஸ். விலை 1,800 ரிங்கிட்.

"காடிக்கு இதப் போடலாம்னு இருக்கேன்பா. டர்போ காடிதானே, காத்து ஃபிரீயா போனா நல்லா இழுக்கும்."

அவனுக்கு வயது 22. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சொந்தச் சம்பளத்தில் பழைய புரோட்டான் பிரெவே ஒன்றை வாங்கியிருக்கிறான். 1.6 லிட்டர் டர்போ இயந்திரம், நிறுவனக் கணக்குப்படி 138 குதிரைத்திறன். அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிதான் என்னைப் பயமுறுத்தியது, ஏனென்றால் அதே பாதியை நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் பணத்தைக் கொட்டினேன்.

"வேண்டாம்" என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, காராக் நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், அவனை மடியில் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் இழுவை வண்டிக்காகக் காத்திருந்தோம். நான் என் காருக்குப் போட்ட எக்ஸாஸ்ட்தான் அதற்குக் காரணம். அவனுக்கு அது நினைவில் இல்லை. என் மனைவி மட்டும் இட்லித் தட்டோடு அடுப்படிக்குப் போகும்போது என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

வீராவும் ஹாஃப்-கட்டும்

என்னிடம் அப்போது இருந்தது 1.6 லிட்டர் புரோட்டான் வீரா. இரண்டாம் கையாக வாங்கியது. புரோட்டான் வீரா என்பது அடிப்படையில் மிட்சுபிஷி லான்சர்தான் என்பது கார்ப் பைத்தியங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஜப்பானில் ஓடிய லான்சர் ஜிஎஸ்ஆர் காரின் 1.8 லிட்டர் டர்போ இயந்திரம், அதாவது 4ஜி93 டர்போ, அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் வீராவுக்குள் உட்கார்ந்துவிடும். ஜப்பானில் 195 குதிரைத்திறன் என்று சொல்லி விற்ற இயந்திரம். கிள்ளான், காப்பார், மேரு பக்கம் இருக்கும் ஹாஃப்-கட் கடைகளில், மூக்கிலிருந்து கதவு வரை அறுத்துக் கொண்டுவந்த கார்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மீன் கடையில் தலையை மட்டும் தனியாக வைத்திருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

2007-இல் அப்படி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஜேபிஜே அனுமதி வாங்கி, புஸ்பாகோம் பரிசோதனைக்குக் கொண்டுபோய், கெராண்டில் புதிய இயந்திர எண்ணையும் ஏற்றிக்கொண்டேன். அந்த விஷயத்தில் மட்டும் நான் ஒழுங்காக இருந்தேன்.

ஆனால் டர்போ இயந்திரம் வந்த பிறகும் கார் அமைதியாகவே ஓடியது. எனக்கு அது பிடிக்கவில்லை. அறுநூறு ரிங்கிட் கொடுத்துப் பின்னால் இருந்த மஃப்ளர் பெட்டியைக் கழற்றிவிட்டு, மைலோ டின் அளவு வாய் உள்ள ஒன்றைப் போட்டேன். அன்று சாயங்காலம் தாமானுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். கார் பறக்கிறது என்று நினைத்தேன். ஒரு நண்பன் சந்தேகப் பிராணி. ஆள் நடமாட்டம் இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில், மூன்றாம் கியரில் 60 கிலோமீட்டரிலிருந்து 100 வரை போக எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் பிடித்துப் பார்த்தான். பழைய பெட்டியோடு பார்த்ததற்கும் புதியதோடு பார்த்ததற்கும் வித்தியாசமே இல்லை. நான் கடிகாரத்தைக் குறை சொன்னேன்.

வித்தியாசம் தெரிந்தது பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான். அவர் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் தாதி. இரவு வேலை முடித்துக் காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். நான் எட்டேகாலுக்குக் காரைக் கிளப்புவேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்து, "தம்பி, காடியில ஏதாச்சும் உடைஞ்சிருச்சா? சத்தமா இருக்கே" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். உடையவில்லை, காசு கொடுத்து வாங்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்துமலைக் கூட்டமும் டர்போவும்

மஃப்ளரை மாற்றியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, டர்போ எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சாதாரண இயந்திரத்தில் எரிந்த புகை வெளியே போய்விடும், அவ்வளவுதான். டர்போவில் அந்தப் புகை போகிற வழியில் ஒரு சிறிய டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அதிகச் சக்தி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. வீணாகப் போகும் புகையை வேலைக்காரனாக்கிய மனிதர். அந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். பெட்ரோல் இயந்திரத்தில் முழு வேகத்தில் அங்கே வரும் புகையின் வெப்பம் 800, 900 டிகிரி செல்சியஸ் வரை போகும்.

டர்பைனைச் சுற்றவைப்பது புகையின் அழுத்தம் மட்டும் அல்ல. சக்கரத்துக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் அதைச் சுற்றவைக்கிறது. முன்னால் எவ்வளவு நெருக்கினாலும் பின்னால் வழி அடைத்திருந்தால் சக்கரம் சோம்பிவிடும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் படியிறங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 272 படிகள். மேலே எவ்வளவு பேர் தள்ளினாலும், படி முடியும் இடத்தில் நெருக்கடி இருந்தால் கூட்டம் நகராது. அந்த இடத்தை விட்டுவிட்டு, கோம்பாக் பக்கம் போகும் சாலையில் இன்னும் இரண்டு வழித்தடம் போட்டால் படியில் நிற்பவனுக்கு என்ன பயன்? நான் செய்தது அதுதான். டர்போவிலிருந்து புகை வெளியேறியதும் விழுகிற முதல் குழாய், டவுன்பைப் என்பது, தொழிற்சாலைக்காரன் இடத்தை மிச்சப்படுத்தக் குறுக்கி வளைத்தது. அதை அடுத்து உள்ளே தேன்கூடுபோல் துளைகள் கொண்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர். நெருக்கடி அந்த இடத்தில். நான் அதைத் தொடாமல், பத்தடி தள்ளி, வாலில் இருந்த பெட்டியை மாற்றிவிட்டு மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

காப்பிக் கடைகளில் இன்னொரு பேச்சும் அடிபடும். "எக்ஸாஸ்ட்டுல கொஞ்சம் எதிர் அழுத்தம் வேணும், இல்லாட்டி இழுவை போயிரும்" என்பார்கள். டர்போ இல்லாத காரில் இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கிறது. அங்கே குழாய் அளவோடு இருந்தால் புகை வேகமாக ஓடி, அடுத்து வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். அப்போதும் உதவுவது புகையின் வேகம்தான், அழுத்தம் அல்ல. டர்போவைத் தாண்டிய பிறகு அந்தக் கணக்குக்கே இடமில்லை. துடிதுடித்து வரும் புகையை டர்பைன் ஏற்கெனவே அரைத்துச் சமப்படுத்திவிட்டது. அங்கிருந்து எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டு பக்கம், கதை நேர் எதிர். அங்கே அகலம் கூடினால் புகை வேகத்தையும் வெப்பத்தையும் இழந்து டர்போ தாமதமாக விழிக்கும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அப்போது தெரிந்தது அரைகுறை.

2008, தீபாவளிக்கு மறுநாள்

மஃப்ளரால் பயனில்லை என்றதும், பேர் போன ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே டவுன்பைப்பிலிருந்து வால் வரை மூன்று அங்குலத்தில் நேர்க்குழாய் போட்டார்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் வெறும் குழாய். அது தவறு என்று எனக்குத் தெரியும், கேட்காமல் இருந்துகொண்டேன். பழைய பாகங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். நல்லவேளை, அதை வீசாமல் ஸ்டோரில் வைத்தேன்.

இந்த முறை கார் உண்மையிலேயே பறந்தது. குழாய் அகலமாவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. விட்டம் இரண்டு அங்குலத்திலிருந்து இரண்டரை ஆனாலே வழி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். மூன்று அங்குலம் என்றால் இரண்டே கால் மடங்கு. முன்பு 3,400 சுற்றில் விழித்துக்கொண்ட டர்போ இப்போது 3,000-க்கு முன்பே தள்ள ஆரம்பித்தது.

பூஸ்ட் மீட்டர் முள் வழக்கமாக 0.7 பாரில் போய் நிற்கும். இப்போது நிற்கவில்லை. 4,000 சுற்றில் 0.8, 5,000-இல் 0.95, அதற்கு மேலும் மெல்ல மெல்ல ஏறியது. ஓர் அளவுக்கு மேல் போனதும் யாரோ சாவியைத் திருப்பியதுபோல் இயந்திரம் வெடுக்கென்று வெட்டும். காற்று வரம்பை மீறுவதைப் பார்த்து கணினி பெட்ரோலை நிறுத்துகிறது. அது இயந்திரத்தைக் காப்பாற்றும் வேலி. பட்டறையில் போய்ச் சொன்னேன். "ஓ, அதுவா" என்று சொல்லி, தீப்பெட்டி அளவில் ஒரு மின்னணுப் பெட்டியை ஒயரில் இணைத்தார்கள். கணினிக்கு வரும் காற்றின் கணக்கைக் குறைத்துச் சொல்லும் பெட்டி. வெட்டு நின்றது. முள் 1.2 வரை போனது. பூஸ்ட் ஏறுகிறதே என்று கேட்டதற்கு, "போனஸ் பாஸ்" என்றார்கள். நானும் சிரித்தேன்.

இத்தனைக்கும் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 ரிங்கிட் 92 சென்னிலிருந்து 2 ரிங்கிட் 70 சென்னுக்கு ஒரே இரவில் தாவியிருந்தது. ஊரே மோட்டார் சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் டர்போவுக்குப் புகை வழி தேடிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் மெந்தகாப்பில் மாமியார் வீட்டிலிருந்து திரும்பினோம். மனைவி பக்கத்தில், மகன் பின்னால் தூக்கத்தில், முறுக்கு டின்கள் பூட்டில். புக்கிட் திங்கியைத் தாண்டி கெந்திங் செம்பா நோக்கி ஏறும் நீண்ட மேடு. முன்னால் ஒரு லாரி. நான்காம் கியரில் மிதித்தேன். முள் ஏறியது. கூழாங்கற்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம், இரண்டு விநாடிகூட இருக்காது. பிறகு ஒரு மொத்து. பின்கண்ணாடியில் லாரியின் விளக்கு தெரியவில்லை, நீலப் புகைதான் தெரிந்தது. பெட்ரோல் மிதி காலுக்குக் கீழே செத்துப்போனது. லாரிக்கு முன்னால், ஏற்றத்தில், வேகம் இல்லாமல், இடது ஓரத்துக்கு எப்படி ஒதுக்கினேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. லாரிக்காரர் நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களை உரசுவதுபோல் போனார். வண்டியே ஆடியது. மகன் விழித்து, "வீடு வந்துருச்சா" என்று கேட்டான்.

இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டன் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. அந்தப் பட்டறையில் "பழைய இஞ்சின், நாங்க என்ன செய்றது" என்றார்கள். பழுது பார்க்க 4,200 ரிங்கிட். என் மனைவி கூட்டு கட்டிச் சேர்த்த பணம் அதில் போனது. அது வேறு எதற்கோ வைத்திருந்த பணம், எதற்கு என்று இங்கே எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

இருபது சென் அளவு துளை

இயந்திரத்தைப் பிரித்துக் கட்டியவர் மூலமாகத்தான் மேருவில் அந்த வெல்டிங் அங்கிளிடம் போய்ச் சேர்ந்தேன். சீனப் பெரியவர். பலகை இல்லாத கடை, சுவரெல்லாம் குழாய். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை சிகரெட்டைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு டர்போவைத் திருப்பி, பக்கத்தில் இருந்த ஒரு சிறிய துளையையும் அதை மூடும் தகட்டையும் காட்டினார். பழைய இருபது சென் நாணயம் அளவுதான் இருக்கும்.

அதுதான் வேஸ்ட்கேட். பூஸ்ட் வேண்டிய அளவை எட்டியதும் இந்தத் தகடு திறந்து, மீதிப் புகையை டர்பைன் பக்கம் விடாமல் குறுக்கு வழியில் வெளியேற்ற வேண்டும். தொழிற்சாலைக்காரன் குறுகிய எக்ஸாஸ்ட்டை வைத்துக் கணக்குப் போட்டு இந்தத் துளையை வெட்டியிருக்கிறான். பின்னால் அடைப்பு இருந்தவரை அந்தச் சிறு துளை போதும். எக்ஸாஸ்ட்டை அகலமாகத் திறந்துவிட்டதும் புகைக்கு டர்பைன் வழியே போவது முன்பைவிடச் சுலபமாகிவிட்டது. தகடு முழுதாகத் திறந்தும் துளை போதவில்லை. சுற்று ஏற ஏற பூஸ்ட்டும் ஏறியது.

"நீ வெளிக்கதவைப் பெரிசாக்கிட்ட. தண்ணி திறந்துவிடுற மதகு அதே சைஸ்தான்" என்றார் அங்கிள் மலாயில்.

போதாக்குறைக்கு அந்தத் தீப்பெட்டி. காற்று குறைவு என்று நம்பிய கணினி, பெட்ரோலையும் குறைத்தது, தீப்பொறியையும் முந்தித் தள்ளியது. அந்த இயந்திரம் ஜப்பானின் உயர் ரக பெட்ரோலுக்குப் பழகியது. அங்கே விற்கும் உயர் ரகம் பெரும்பாலும் ரோன் 100. நம்மிடம் அப்போது நல்லது என்றால் ரோன் 97. எல்லாம் ஒரே மேட்டில் சேர்ந்துகொண்டன. அந்தக் கூழாங்கல் சத்தம் பெட்ரோல் கண்டபடி வெடித்த நாக்கிங்.

பிறகு அங்கிள் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. புதிய குழாய் எதையும் வெட்டவில்லை. "முதலில் பழையதை மாட்டு" என்றார். ஸ்டோரிலிருந்த பெட்டியைக் கொண்டுவந்தேன். பழைய டவுன்பைப், பழைய கன்வெர்ட்டர், அதற்குப் பின் என்னுடைய மைலோ டின். குழாயில் மூன்று இடங்களில் துளையிட்டு நட்டுகளை வெல்ட் செய்தார். ஒன்று டர்போவை ஒட்டி, ஒன்று கன்வெர்ட்டருக்குப் பின், ஒன்று மஃப்ளருக்கு முன். நட்டில் செப்புக் குழாயைத் திருகி, சூடு ஆற நாலைந்து அடி சுருட்டி, ரப்பர் குழாய் வழியாகக் காருக்குள் ஒரு சாதாரண அழுத்த மானியில் இணைத்தார். மொத்தச் செலவு முப்பது வெள்ளிக்குள்தான் இருக்கும்.

முழு மிதியில் டர்போவை ஒட்டிய இடத்தில் மானி 7 பிஎஸ்ஐ காட்டியது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் 2. மஃப்ளருக்கு முன்னால் 1. அதாவது அடைப்பில் பெரும்பங்கு முதல் இரண்டு அடிக்குள்ளேயே இருந்தது. அறுநூறு ரிங்கிட் செலவழித்த வால் பகுதியில் அழுத்தம் இருந்ததே இல்லை. கன்வெர்ட்டரை அறுத்துக் காட்டினார். உள்ளே தேன்கூடு பாதி உருகி, கருகிய அப்பம்போல் ஒட்டிக்கிடந்தது.

அதன்பின் வேலையைத் தொடங்கினார். மூன்று அங்குலத்தை ஒதுக்கிவிட்டு, 1.8 லிட்டருக்கு இரண்டரை போதும் என்றார். குழாயை அழுத்தி மடக்காமல், உள்ளே அச்சு வைத்து வளைத்த துண்டுகளைத்தான் எடுத்தார். சாதாரணமாக அழுத்தி வளைத்தால் வளைவில் குழாய் சப்பையாகி, கொடுத்த காசுக்குக் கிடைத்த அகலம் அங்கேயே போய்விடும். ஃபிளேன்ஜில் கேஸ்கெட்டை வைத்து மார்க்கரால் கோடு போட்டு, உள்ளே துருத்திக்கொண்டிருந்த விளிம்பை அரைத்தார். ஸ்டெயின்லெஸ் குழாயை வெல்ட் செய்யும்போது உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பினார். அப்படிச் செய்யாவிட்டால் உட்புறம் சர்க்கரை பொரிந்ததுபோல் கரடுமுரடாகிப் புகையை உரசும், பிறகு அங்கேதான் விரிசலும் விடும். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் வெல்டை உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவரிடம் கற்றது. இயந்திரம் ஆடும்போது குழாய் உடையாமல் இருக்க நடுவில் ஒரு ஃபிளெக்ஸ் துண்டு. வேஸ்ட்கேட்டிலிருந்து வரும் புகை டர்பைன் புகையோடு முட்டிக்கொள்ளாமல் இருக்க, வாயில் ஒரு தடுப்புத் தகடு.

கன்வெர்ட்டரை விட்டுவிடலாமா என்று அப்போதும் கேட்டேன். புத்தி எங்கே போகும்? அவர் ஒன்றும் சொல்லாமல் தன் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைக் காட்டினார். வாசலில் பேரப்பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக் கன்வெர்ட்டரில் சதுர அங்குலத்துக்கு 400 துளையோ அதற்கு மேலோ இருக்கும். 200 துளை உள்ள உலோக ரகத்தைப் போட்டார். நச்சுப் புகையைப் பெருமளவு கட்டுப்படுத்தும், வழியையும் அதிகம் மறிக்காது. சட்டப்படியும் வெறுங்குழாய் வைத்து ஓட்ட இடமில்லை. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வாகன இரைச்சலுக்கு 1987-இலும் பெட்ரோல் வண்டிப் புகைக்கு 1996-இலும் விதிமுறைகள் வந்துவிட்டன.

கடைசியாக வேஸ்ட்கேட். துளையைச் சில மில்லிமீட்டர் அகலப்படுத்தி, பெரிய தகடு ஒன்றைப் பொருத்தினார். தீப்பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

மீண்டும் மானி பார்த்தோம். டர்போவை ஒட்டி 2 பிஎஸ்ஐ. பூஸ்ட் முள் 0.7-இல் போய் நின்றது, 6,000 சுற்றிலும் நகரவில்லை. 2,900-இல் டர்போ விழித்தது. என் மைலோ டின்னுக்குப் பதிலாக ஒரு நீள மஃப்ளரும் நடுவில் ஒரு ரெசனேட்டரும் போட்டதால் சத்தம் தொழிற்சாலை அளவுக்கு இறங்கியது. சந்தேகப் பிராணி நண்பன் கடிகாரத்தோடு வந்தான். 60-லிருந்து 100 வரை கிட்டத்தட்ட ஒரு விநாடி குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "காடிய விித்துட்டீங்களா தம்பி, சத்தத்தையே காணோம்" என்று கேட்டார்.

பிரெவே

இத்தனையையும் மகனிடம் இட்லி ஆறும்வரை சொன்னேன். அவன் கேட்ட ஒரே கேள்வி, "அங்கிள் இன்னும் இருக்காரா?"

இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். கடையை மகள் பார்த்துக்கொள்கிறாள், அப்பாவைவிடச் சுத்தமான வெல்ட். மறுவாரம் பிரெவேயைக் கொண்டுபோனோம். இன்றைய கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் உண்டு. பின்னதைக் கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டரை எடுத்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். அதை ஏமாற்ற இடைத்துண்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினிக்குப் பொய் சொல்லும் பொருள் எதையும் இனி என் குடும்பத்துக் காரில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்து பல வருடங்கள் ஆகின்றன.

அதே நட்டு, அதே செப்புக் குழாய். மகன் ஓட்ட, நான் பக்கத்தில் மானியைப் பிடித்துக்கொண்டேன். டர்போவை ஒட்டி 8 பிஎஸ்ஐ. கன்வெர்ட்டருக்குப் பின்னால் 6. மஃப்ளருக்கு முன்னால் 1.

நான் மூன்றையும் அட்டையில் எழுதி மகனிடம் கொடுத்தேன். "எங்க அடைப்பு?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "கன்வெர்ட்டர் இல்லபா. அதுக்கு அப்புறம். மஃப்ளருக்கு முன்னாடி."

காரைத் தூக்கிப் பார்த்தோம். கன்வெர்ட்டரை அடுத்த குழாய், ஒரு முழ நீளத்துக்கு, கால் வைத்து மிதித்த பெட்டி பானக் குழல்போல் சப்பையாகிக் கிடந்தது. முந்தைய உரிமையாளர் காரைத் தாழ்த்தி ஓட்டியிருக்க வேண்டும். ஏதோ ஒரு தாமானின் உயரமான வேகத்தடை தன் வேலையைக் காட்டியிருக்கிறது. 1,800 ரிங்கிட் எக்ஸாஸ்ட்டில் அந்தத் துண்டு வரவே வராது. அது வால் பெட்டியும் இரட்டை வாயும் மட்டும்தான்.

அங்கிளின் மகள் அந்த ஒரு முழத்தை வெட்டி, அதே விட்டத்தில் புதுக் குழாயை வைத்தாள். மானிக்குப் போட்ட நட்டுகளைத் திருகாணியால் மூடினாள். நூற்றெண்பது வெள்ளி. மீண்டும் பார்த்தபோது டர்போவை ஒட்டி 3 பிஎஸ்ஐ. அதற்கு மேல் குறைக்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். மகன் என்னைப் பார்த்தான். தொழிற்சாலை வேஸ்ட்கேட்டும் தொழிற்சாலைக் கணினியும் உள்ள காரில் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையாட்டினார்.

வீடு திரும்பும்போது அவன் வானொலியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தான். மேட்டில் மிதித்தான். கார் இரண்டாயிரம் சுற்றிலேயே முதுகைத் தள்ளியது.

"இழுக்குதுபா. ஆனா சத்தமே மாறலையே."

"மாறல."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தான். "இந்த மஃப்ளர் மட்டும் தனியா விக்கிறாங்களாம்" என்றான் மெதுவாக.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுக்கோ."

"அவங்கதான் ரிட்டையர் ஆயிட்டாங்களே. இப்போ நைட்ல நல்லா தூங்குறாங்க."

"நீ எத்தன மணிக்கு வீட்டுக்கு வர்ற?"

விளக்கு பச்சையானது. அவன் பதில் சொல்லாமல் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் காரை எடுத்தான்.